கை நனைக்காதவர்

டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் நாங்கள் குடியிருந்த அப்பார்ட்மென்ட்டில், குழாய் சரிசெய்ய வருகிற மனிதரிடம் முதலில் காபி குடிக்கிறீர்களா என்று கேட்பார்கள். உபசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் சரி என்றால் வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வேண்டாம் என்றால் ஏதோ ஒன்று அவர் கண்ணில் பட்டுவிட்டது, அதை வியாழக்கிழமை அலுவலகத்தில் சொல்லப் போகிறார்.

"அப்ரூவர் எங்க வீட்ல காபி வேணாம்னுட்டாருப்பா" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தால் போதும். அந்த வீட்டுப் பால்கனியிலிருந்த காஸ் அடுப்பு கார் டிக்கிக்குப் போகும். குத்தகைப் பத்திரத்தில் பெயர் இல்லாமல் நான்கு மாதமாகத் தங்கியிருக்கும் மாமனார், கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு பூங்காவுக்கு அனுப்பப்படுவார். சுவரில் ஆணி அடித்த இடத்தில் பற்பசை பூசப்படும். எது அவர் கண்ணில் பட்டது என்று தெரியாததால் எல்லாக் குற்றங்களையும் ஒரே நாளில் சரிசெய்துவிடுவார்கள். எங்கள் வளாகம் அந்த வட்டாரத்திலேயே ஒழுக்கமானதாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

அவருக்கு எழுபதை ஒட்டிய வயது. மஞ்சள் பாய்ந்த வெள்ளைத் தாடி, கதவை அடைக்கும் உடம்பு. இடது முன்கையில் செங்கல் அளவுக்கு ஒரு கறுப்புக் கட்டம். அதற்கு அடியில் ஒரு மோட்டார் சைக்கிள் கூட்டத்தின் சின்னம் பச்சை குத்தியிருந்ததாம். அந்தக் கூட்டத்தை விட்டு வந்ததும் மேலேயே மை குத்தி மூடிவிட்டார். ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிளில் மாநிலம் மாநிலமாகச் சுற்றியவர் எங்களுக்குக் கிடைத்தபோது ஒரு கோல்ஃப் வண்டியில் வளாகத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தார். சைக்கிளில் போகிற குழந்தைகள் அதை முந்திக்கொண்டு போவார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத மதியத்தில்கூட ஒவ்வொரு 'நில்' பலகைக்கு முன்னாலும் முழுசாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, கையை நீட்டிச் சைகை காட்டிவிட்டுத்தான் திரும்புவார்.

அவர் பேசியது டெக்சாஸ் ஆங்கிலம். நான் பெருந்துறைக்காரி. இந்த இரண்டு சீமைக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு, மரியாதை ஒட்டாமல் ஒரு வாக்கியமும் முடியாது. அவர்கள் 'மேம்' என்பார்கள், நாங்கள் 'ங்க' என்போம். அதனால் அவர் பேச்சு என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகவே விழுந்தது, என் நினைவிலும் அப்படியே தங்கிவிட்டது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மேம் மட்டும் அவருடையது.

அவரை முதலில் பார்த்தபோது நான் அமெரிக்கா வந்து பதினோரு நாள். படிக்க வந்திருந்தேன். அறைத்தோழி நித்யா பெரம்பூர்க்காரி. அமெரிக்க சிங்க்குக்கு அடியில் இருக்கும் அரைக்கிற மெஷின் எதைப் போட்டாலும் அரைத்துவிடும் என்று நம்பி, ஒரு சாம்பாரின் மொத்த முருங்கைக்காய்ச் சக்கையையும் அவள் அதில் தள்ளியிருந்தாள். மெஷின் ஒரு முறை உறுமிவிட்டு நின்றுவிட்டது.

கதவைத் திறந்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கருவிப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, வாசலுக்கு வெளியே நின்றபடியே ஒரு நிமிடம் பேசினார். அதில் 'கிச்சன்', 'மேம்' என்ற இரண்டு சொற்கள் எனக்குப் புரிந்தன. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்த முதல் ஆள் நான். வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் எட்டு வயதிலிருந்து படித்துச் சொன்னவள். எனக்குப் புரியவில்லை என்று ஒருவரிடம் சொல்ல அப்போது எனக்கு வராது. "யெஸ், ஓகே, தேங்க் யூ, ப்ளீஸ் கம்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

அவர் போனதும் நித்யா அறையிலிருந்து வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அவர் என்ன சொன்னார்னு உனக்குப் புரிஞ்சுதா?"

"பைப் ரிப்பேருக்கு வந்திருக்கேன்னாரு."

"பைக் கேங்க்ல இருந்தேன், அவங்க சொல்லி ஆளுங்களைக் கொன்னிருக்கேன், அப்புறம் போலீஸ் பக்கம் வந்து கேங்குக்கு எதிரா சாட்சி சொன்னேன், ஜெயில்ல இருந்தேன். நான் உள்ள வரலாமா, இல்ல வேற ஆள் அனுப்பட்டுமான்னு கேட்டார் டி. நீ தேங்க் யூ ப்ளீஸ் கம்ங்கற!"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "சிங்க் சரியாயிருச்சா?" என்று கேட்டேன்.

"ஆயிடுச்சு."

"அப்பறம் என்ன?"

புதிதாகக் குடிவரும் ஒவ்வொருவரிடமும் அவர் அதைச் சொல்வார் என்று பிறகு தெரிந்தது. வளாகத்தின் சொந்தக்காரர் சிறையில் பைபிள் வகுப்பு எடுக்கப் போன இடத்தில் இவரோடு பழக்கமாகி, வெளியே வந்ததும் வேலை கொடுத்தாராம். சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது சொந்தக்காரர் போட்ட விதி இல்லை, இவராகப் போட்டுக்கொண்டது. பழைய ஆட்கள் யாராவது தேடி வர மாட்டார்களா என்று ஒருமுறை கேட்டேன். "தேடினவங்க பாதிப்பேரு செத்துட்டாங்க மேம். மீதிப்பேரு டயாலிசிஸ்ல இருக்காங்க" என்றார்.

நித்யா முதலில் அவருக்குக் 'கூலிப்படை' என்று பெயர் வைத்தாள். அது காதுக்கு நன்றாக இல்லை என்று நான்தான் 'அப்ரூவர்' என்று மாற்றினேன். ஊரில் நாளிதழில் தினமும் பார்க்கிற சொல். ஒரு நாள் தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம் என்று அவரே கேட்டுவிட்டார். குற்றவாளிகளில் ஒருவர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினால் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம் என்று விளக்கினேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "சரியான பேருங்க. உங்க எழுத்துல எழுதிக் குடுங்க மேம்" என்று ஒரு துண்டு டேப்பை நீட்டினார். எழுதிக் கொடுத்தேன். அதைக் கருவிப் பெட்டியின் மேல் ஒட்டிக்கொண்டார். அதன்பிறகு எங்கள் வளாகத்துத் தமிழ் வீடுகளுக்குள் 'அப்ரூவர்' என்று தமிழில் எழுதிய பெட்டியோடுதான் அவர் நுழைவார். பல வீடுகளில் சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் ஓடியிருக்கிறார்கள்.

துப்பாக்கிக்கு அஞ்சாதவர் குக்கருக்கு அஞ்சினார். ஒருநாள் எங்கள் சிங்க்குக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது முதல் விசில் அடித்தது. திரும்பிப் பார்த்தால் அவ்வளவு பெரிய உடம்பு தரையோடு தரையாகக் குப்புறக் கிடக்கிறது, இரண்டு கையும் தலைக்கு மேல். "பருப்புங்க, பருப்பு" என்று நான் கத்தினேன். எழுந்து தாடியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இன்னும் எத்தனைங்க மேம்?" என்று கேட்டார். இரண்டு என்றேன். இரண்டும் அடிக்கும்வரை சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். அப்புறம் எப்போது வந்தாலும் கதவைத் தட்டிவிட்டு முதலில் கேட்பது அதுதான், "குக்கர் ஓடுதுங்களா?"

அவர் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர் என்பது எங்களுக்குப் புரிந்தது ஷவர் தொப்பியால். எங்கள் ஆட்கள் தாளித்தால் அமெரிக்கப் புகை அலாரம் அலறும். அதனால் குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பியை எடுத்து அலாரத்தின் மேல் மாட்டிவிடுவது வழக்கம். அது சட்டப்படி குற்றம். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் அதைப் பார்த்துவிட்டார். நான் காபி நீட்டினேன்.

"வேண்டாங்க மேம். அலாரத்து மேல தொப்பி இருக்குது. வியாழக்கிழமை நாலு மணிக்கு ஆபீஸ்ல என்ற நோட்டைப் படிப்பேன். அதுல இது இருக்கும். மூணே முக்காலுக்கு மறுபடியும் வந்து பாப்பேனுங்க."

"அப்ப எடுத்துட்டா?"

"எடுத்துட்டாங்கன்னும் எழுதுவேனுங்க."

எடுத்துவிட்டோம். அவரும் இரண்டையும் எழுதினார். செவ்வாய், தொப்பி இருந்தது. வியாழன், தொப்பி இல்லை. அலுவலகத்து மேனேஜர் அம்மாள் சிரித்துவிட்டு ஒன்றும் செய்யவில்லையாம். வெள்ளிக்கிழமை காலை அவரே வந்து கதவைத் தட்டினார். "அந்தக் காபி இப்பக் கிடைக்குங்களா மேம்?"

போட்டுக் கொடுத்தேன். இதென்ன வழக்கம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள்தான் இப்படி இருப்பார்கள் என்றேன். சம்பந்தம் பேசி முடிகிறவரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் பிறகு வேண்டாம் என்று சொல்ல முடியாது அல்லவா. அவர் காபியை ஆற்றியபடி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"நல்ல வழக்கமுங்க. எனக்கு அப்பத் தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்."

பிறகு சொன்னார். "எனக்கு ஒரு கூட்டாளி இருந்தானுங்க. பதினாறு வருசம் ஒண்ணா வண்டி ஓட்டினோம். போலீசுக்காரங்க என்ற நெஞ்சுல ஒயரை ஒட்டி அவன் வீட்டுக்குத்தான் அனுப்புனாங்க. மத்தியான நேரம். அவன் சம்சாரம் சோறு போட்டுச்சு. அவன் பேசறான், ஒயரு கேக்குது, நான் திங்கறேன். தட்டு காலியாச்சு. இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுமான்னு அந்தப் புள்ள கேட்டுச்சு." காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தட்டை நீட்டினனுங்க."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவன் ஜெயிலுக்குள்ளயே செத்துட்டான். சாட்சி சொன்னதுக்கு வருத்தமில்லீங்க மேம். நாங்க செஞ்சது அப்பேர்ப்பட்ட வேலை. இன்னைக்குக் கூப்பிட்டாலும் போய்ச் சொல்லுவேன். அந்த ரெண்டாவது தட்டுதானுங்க."

டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகுதான் கவனித்தேன். எந்த வீட்டிலும், எந்த விருந்திலும், அவர் இரண்டாம் முறை எதையும் வாங்கியதில்லை. கிளப் ஹவுஸில் நடந்த பொங்கல் விருந்தில் சுவரை ஒட்டி, வாசலைப் பார்த்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு தட்டு எலுமிச்சைச் சாதத்தை, எலுமிச்சை ஊறுகாயை ஒரு தனிப் பொரியலாகக் கருதி, கண்ணில் நீர் வரச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் என்று கரண்டியோடு வந்த எல்லா ஆன்ட்டிகளுக்கும் தட்டைக் கையால் மூடினார்.

அவரைச் செல்லமாக மட்டுமே நினைத்துக்கொள்ள அவர் விட்டதில்லை, அதையும் சொல்ல வேண்டும். அதே விருந்தில் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் ஆறு வயது மகள் அவர் முன்னால் போய் நின்று, "ஹவ் மெனி பீப்பிள் டிட் யூ கில்?" என்று கேட்டுவிட்டாள். வீட்டில் பேசியதைக் கேட்டிருக்கிறாள். ஆன்ட்டிக்கு உயிரே போய்விட்டது. "ஏய், இங்க வா, சும்மா இரு!" என்றார். அப்ரூவர் தட்டைக் கீழே வைத்தார். "மூணு" என்றார். அதோடு விட்டிருக்கலாம். மூன்று பெயர்களையும் சொன்னார், மெதுவாக, முழுப் பெயராக. அந்தச் சிறுமி அந்தப் பெயர்களைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். என்னிடம் காபி வாங்கிக் குடிக்கிற கை எது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

இரண்டு வருடம் போனது. படிப்பு முடிந்தது. எனக்கு வேலை கிடைத்தது, பக்கத்திலேயே ஒரு டெலிகாம் கம்பெனியில். நித்யாவுக்குக் கிடைக்கவில்லை. படிப்பு முடிந்து வேலையில்லாமல் இங்கே இருக்க இத்தனை நாள்தான் என்று ஒரு வரம்பு உண்டு. அது தீர்ந்தால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். மிச்சமிருக்கும் நாட்களை அவள் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு காலையும் ஒன்றை அடிப்பாள். அந்தத் தாளில் நாற்பத்திரண்டு என்று இருந்த நாளில், பக்கத்து ஊரான ஆலனில் இருந்துகொண்டு வேலை பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சி அண்ணா போன் செய்தார்.

எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை. அண்ணா நித்யாவின் ரெஸ்யூமேயில் ஆறு வருட அனுபவம் சேர்த்திருந்தார். அவள் பிளஸ் ஒன்னில் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு போன வருடத்தில் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்ததாக அது சொன்னது. ஆறு வருட அனுபவத்துக்குக் கேட்கும் கேள்விகளுக்கு அவளால் பதில் சொல்ல முடியாது. "கூட இருக்கற பொண்ணு நல்லா பேசும்னியே, அதைப் பேச வெச்சுடும்மா. நீ வாயை மட்டும் அசை" என்றார் அண்ணா.

நான் ஒப்புக்கொண்டேன். நித்யாவுக்காகத்தான். நன்றாகப் பேசும் என்று சொன்னது பிடித்திருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

சாப்பாட்டு மேசை மேல் தரைவரை தொங்கும்படி போர்வையை விரித்தோம். லேப்டாப் மேலே, நான் மைக்கோடு அடியில். ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். நான் அவள் கால் கட்டைவிரலைத் தொட்டால் வாயைத் திறக்க வேண்டும். கிள்ளினால் மூட வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணி. நான் அலுவலகத்துக்கு லீவு போட்டிருந்தேன். இரண்டு பேர் கேள்வி கேட்டார்கள். நான் சொல்லச் சொல்ல அவள் வாயசைத்தாள். நடுவில் வாசல் கதவைத் தட்டும் சத்தம். நாங்கள் போய்த் திறக்கவில்லை. சாவி திரும்பியது. ஏசி ஃபில்டர் மாற்ற வருவதாக அப்ரூவர் முதல் நாளே கதவில் தாள் ஒட்டியிருந்தாராம். நாங்கள் படிக்கவில்லை. போர்வை கொஞ்சம் தூக்கியிருந்த இடத்தில் இரண்டு பூட்ஸ்கள் வந்தன. நின்றன. மேலே நித்யா புன்னகைத்தபடி வாயசைக்கிறாள், குரல் மேசைக்கு அடியிலிருந்து வருகிறது. ஒரே பதிவை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்த வந்தால் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. நான் ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. மேசைக்கு அடியிலும் எனக்கு முதல் மதிப்பெண்தான். பூட்ஸ்கள் ஓசைப்படாமல் ஏணியில் ஏறின.

பேசி முடிந்தது. வெள்ளிக்கிழமை இரண்டாவது சுற்று என்றார்கள். லேப்டாப்பை மூடியதும் நித்யா குதித்தாள். நான் அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தேன். அவர் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். வெளியே ஆகஸ்ட் மாத டெக்சாஸ் வெயில். பெரிய டம்ளரில் மோர் ஊற்றி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு நீட்டினேன். டம்ளரைப் பார்த்தார்.

"வேண்டாங்க மேம்."

நித்யா குதிப்பதை நிறுத்தினாள். நான் படிக்கட்டுவரை பின்னாலேயே ஓடினேன்.

"யார்கிட்டச் சொல்லுவீங்க? ஆபீஸ்லயா?"

"இல்லீங்க. அங்க ஃபில்டர் மாத்துனதை மட்டுந்தான் எழுதோணும். மேசைக்கடியில உக்காந்து பேசக் கூடாதுன்னு லீஸ்ல இல்லீங்க."

"அப்பறம்?"

"அந்தக் கம்பெனிக்காரங்க வந்து கேட்டாங்கன்னா பாத்ததைச் சொல்லிப் போடுவேனுங்க."

"அவங்க எதுக்குங்க உங்ககிட்ட வந்து கேக்கறாங்க? உங்களை அவங்களுக்குத் தெரியவே தெரியாதே!"

"கேக்க மாட்டாங்கதானுங்க." ஏணியைத் தோளில் மாற்றிக்கொண்டார். "ஆனா கேட்டாச் சொல்லுவேனில்லீங்களா? அப்பறம் எப்பிடிங்க மேம் மோர் குடிக்கறது?"

கோல்ஃப் வண்டியில் ஏறிப் போனார். முனையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, கையை நீட்டிவிட்டுத் திரும்பினார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

நித்யாவுக்கு எரிச்சல் இல்லை, கோபம். "அவர் ஒரு கொலைகாரர் டி. ஒரு கொலைகாரர் மோர் குடிக்கலைன்னு நான் பெரம்பூர் போகணுமா?" என்றாள். நியாயமான கேள்வி. ஒத்திகையைத் தொடர்ந்தோம்.

வியாழக்கிழமை காலை அப்பா வீடியோ காலில் வந்தார். மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். இடுப்பு வலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன கதையைச் சொன்னார். துணைக்கு வந்த மண்டி எழுத்தர்தான் டாக்டரிடம் எல்லாம் பேசினாராம். "அந்தத் தம்பியே எல்லாத்தையும் சொல்லிப்போட்டான் சாமி. நான் தலையாட்டிட்டு நின்னேன். வலி இந்தப் பக்கம், மருந்து அந்தப் பக்கத்துக்கு எழுதிட்டாங்க" என்று சிரித்தார். அப்பா எந்த அலுவலகத்திலும் எப்போதும் அப்படித்தான் நின்றிருக்கிறார். யாரோ பேசுவார்கள், இவர் தலையாட்டுவார். "நீ இருந்திருந்தா நீ பேசியிருப்ப" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வைத்தார். நான் ஃப்ரிட்ஜில் இருந்த தாளைப் பார்த்தேன். முப்பத்திரண்டு.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்தபோது வீடு மணத்தது. நித்யா எனக்காகப் பிரியாணி செய்திருந்தாள். தயிர்ப் பச்சடி, முட்டை, எல்லாம். இரண்டு தட்டு வைத்திருந்தாள். "உக்காரு, உக்காரு, இன்னைக்கு நீ ராணி" என்று கரண்டியோடு வந்தாள்.

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

"வயிறு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்குது."

கரண்டி நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். வளாகத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சமிக்ஞை அவளுக்கும் தெரியும்.

"ஏய்... வேணாம் டி. அப்ரூவர் வேலையெல்லாம் என்கிட்ட பண்ணாத."

"நாளைக்கு நான் மேசைக்கடியில உக்கார மாட்டேன் நித்யா. தின்னுட்டுச் சொல்லக் கூடாதுன்னு இப்பவே சொல்றேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பாத்திரத்தை மூடினாள். "உனக்கு வேலை இருக்கு. அதனால நீ பேசுவ" என்றாள். அது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு நான் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டேன். வீடு முழுக்கப் பிரியாணி மணம். வாழ்க்கையில் நான் அவ்வளவு பசித்திருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவள் இரண்டாவது சுற்றுக்கு வரவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பினாள். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. கன்சல்டன்சி அண்ணா மட்டும் எனக்குப் போன் செய்து, "படிச்ச திமிரும்மா உனக்கு" என்றார். அதை நான் மறுக்கவில்லை.

இரண்டு வாரம் நித்யா என்னோடு பேசவில்லை. 'பால் தீர்ந்துவிட்டது' என்றுகூட ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டினாள், குறைந்துகொண்டே வரும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில். பிறகு ஒருநாள் சொந்த ரெஸ்யூமேயை, அனுபவம் பூஜ்யம் என்று இருப்பதை, மேசை மேல் போட்டுவிட்டு, "கேள்வி கேளு. எதிர்ல உக்காந்து கேளு" என்றாள். கேட்டேன். தினமும் அலுவலகம் விட்டு வந்து கேட்டேன். ஒன்பது நாள் மிச்சமிருந்தபோது ஆலனில் ஒரு சின்னக் கம்பெனி டெஸ்டிங் வேலைக்கு அவளை எடுத்துக்கொண்டது. "அன்னைக்கு அந்தப் பிரியாணியை நீ தின்னிருந்தா எனக்கு இப்போ டபுள் சம்பளம்" என்று இன்னமும் சொல்லிக் காட்டுவாள்.

அந்த மௌன வாரங்களில் ஒருநாள் அவர் பாத்ரூம் குழாய்க்கு வந்தார். வெள்ளிக்கிழமை நான் மேசைக்கு அடியில் போகவில்லை என்று சொன்னேன். பாராட்டுவார் என்று ஓர் ஆசை.

"இப்பக் கேட்டாங்கன்னா ரெண்டையும் சொல்லுவேனுங்க. செவ்வாக்கிழமை ஒருத்தரு அடியில இருந்தாங்க. வெள்ளிக்கிழமை யாரும் இல்லை." கொஞ்சம் யோசித்தார். "அந்த மோர் இருக்குதுங்களா மேம்?"

ஒரு டம்ளர் குடித்தார். அந்த வெயிலிலும் இன்னொரு டம்ளருக்குக் கையால் மூடிக் காட்டினார்.

அடுத்த வருடம் சொந்தக்காரர் வளாகத்தை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றார். புதிய கம்பெனி பழைய ஆட்களை வைத்துக்கொள்ளவில்லை. அவர் ஓக்லஹோமாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். கடைசி நாள் மதியம் சாப்பிடக் கூப்பிட்டோம். சாவிக்கொத்தையும் கோல்ஃப் வண்டியையும் நோட்டையும் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, 'அப்ரூவர்' பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார். வாசலைப் பார்த்தபடி சுவரோரமாக உட்கார்ந்தார். குக்கர் விசில் அடித்தது. அசையாமல் ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். தட்டைத் துடைத்ததுபோல் சாப்பிட்டார். நித்யா பழக்கதோஷத்தில், "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டாள். நான் மேசைக்கு அடியில் அவள் கால் கட்டைவிரலைத் தேடிக் கிள்ளினேன். தாமதமாகிவிட்டது.

அவர் தட்டைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும்.

"நோட்டைக் குடுத்துட்டு வந்துட்டனுங்க" என்றார்.

தட்டை நீட்டினார்.

நித்யா வைத்தாள். இரண்டாவது விசிலும் மூன்றாவது விசிலும் அடித்தன. அவர் எண்ணவில்லை.

அடுத்த வாரம் புதுக் கம்பெனி ஒரு புது ஆளை அனுப்பியது. சின்ன வயது, நல்ல முகம், கையில் பச்சை எதுவும் இல்லை, கதவருகே நின்று சொல்ல அவரிடம் ஒரு பழைய கதையும் இல்லை. நித்யா வடை சுட்டுக்கொண்டிருந்தாள், அலாரத்தின் மேல் தொப்பி. காபி என்றோம், மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டார். எங்களுக்கு நிம்மதியாகிவிட்டது. தொப்பி அவர் கண்ணில் படவில்லை என்று தொப்பியை அங்கேயே விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை கதவில் அபராத நோட்டீஸ் ஒட்டியிருந்தது, அலாரத்தின் புகைப்படத்தோடு. படத்தின் ஓரத்தில் எங்கள் வடைத் தட்டும் தெரிந்தது. அவர் இரண்டாவது வடையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தார்.